வயிற்றில் கட்டி என்றால், எந்தப் படலத்தில் என்று கேளுங்கள்

அம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 6.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனபோது மாத்திரையால்தான் என்று மூன்று மாதம் விட்டுவிட்டோம். மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கெட்ட வாடையும் அடித்தால் அது ரத்தமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் மேல்பகுதியில் 4 செ.மீ. மேடு, உச்சியில் ஒரு புண். சதைத் துணுக்கு கிள்ளிச் சோதித்த பயாப்ஸியில் ‘அழற்சி மட்டுமே’ என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. இந்த இடத்தில்தான் நின்றுவிடக் கூடாது. கட்டி உள்சவ்வுக்கு அடியில், தசையில் முளைத்திருந்தால் இடுக்கி அந்தச் சவ்வை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்திருக்கும். (சவ்விலேயே வளரும் பாலிப்புகள் வேறு, அவற்றில் பலவற்றை எண்டோஸ்கோபியிலேயே எடுத்துவிடலாம்.)

இரைப்பைச் சுவரின் எந்தப் படலம் என்பதை இ.யூ.எஸ். (எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட்) சொல்லும், எண்டோஸ்கோப் நுனியிலேயே ஸ்கேன் கருவி இருக்கும். கொழுப்புக் கட்டி என்றால் அதிலும் சி.டி.யிலும் தெரிந்துவிடும்; தொந்தரவு இல்லாவிட்டால் விட்டுவிடலாம். தசைப் படலம் என்றால்தான் குழப்பம். லியோமயோமா (தசைக் கட்டி), ஷ்வானோமா (நரம்பு உறைக் கட்டி) இரண்டும் தீங்கற்றவை. ஜிஸ்ட் என்ற இன்னொரு வகைக் கட்டி அப்படியல்ல, பரவக்கூடும். ஸ்கேனில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கலாம். சதையில் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் பிரியும்: சிடி117, டாக்1 என்ற புரதங்கள் தெரிந்தால் பெரும்பாலும் ஜிஸ்ட், டெஸ்மின் என்றால் லியோமயோமா, எஸ்100 என்றால் ஷ்வானோமா.

2 செ.மீ.க்குக் குறைவாக, தொந்தரவும் இல்லாத கட்டிகள் பலவற்றை அவ்வப்போது பார்த்துக்கொண்டாலே போதும். அம்மாவுக்கு ரத்தம் கசிந்ததால் அறுவை சிகிச்சை. முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி. கட்டியை உடைக்காமல், சுற்றிக் கொஞ்சம் நல்ல சுவரோடு ஸ்டேப்ளரால் வெட்டி, பையில் போட்டு வெளியே எடுத்தார்கள். முழு இரைப்பையையும் எடுத்துவிடுவார்களோ என்று அம்மா பயந்துகொண்டே இருந்தார். இந்த வகைக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. கட்டி உணவுக்குழாய் சேரும் இடத்திலோ, குடலுக்குத் திறக்கும் வாயிலோ இருந்தால் மட்டும், வெட்டித் தைத்த பிறகு வழி குறுகுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் கஞ்சித் தண்ணீர், ஐந்தாம் நாள் வீடு. ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆனது: எஸ்100 பாசிட்டிவ், ஷ்வானோமா. ஸ்லைடையும், கட்டியின் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் இன்னொரு ஆய்வகத்தில் பார்க்க அவைதான் வேண்டும். அம்மாவுடையவை பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.