வெங்காய வேர்நுனிச் சோதனை: தண்ணீரில் கலந்திருப்பது குரோமோசோமைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

ஒரத்துப்பாளையம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா ஒருநாள் ஐந்து லிட்டர் கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "டி.டி.எஸ். எவ்வளவுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க கண்ணு. அது உசுருக்கு என்ன பண்ணுதுன்னுதான் ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க" என்றார். நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவுதான் டி.டி.எஸ். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் கரையில் வளர்ந்தவர்களுக்குப் பெரியப்பாவின் கேள்வி புதிதல்ல.

பதில் தேட எனக்குக் கிடைத்த வழி வெங்காயம். விலங்குகளைக் கொல்ல வேண்டாம். பாக்டீரியா வளர்க்கும் கிருமியற்ற அறையும் வேண்டாம். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணோக்கியே போதும். வேரின் நுனியில் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும், அப்படிப் பிரியும் செல்லில்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள்தான். ஒவ்வொன்றும் பெரிதாக இருப்பதால் ஒன்று உடைந்தாலும் ஒட்டிக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரியும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆல்பர்ட் லெவான் 1938-இல் வெங்காய வேரைக் கால்ச்சிசின் என்ற, செல் பிரிதலைத் தடுக்கும் தாவர நஞ்சில் வைத்துப் பார்த்ததிலிருந்து இந்த முறை தொடங்குகிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று 1956-இல் ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து வெளியிட்டவரும் இதே லெவான்தான். அந்தக் கால்ச்சிசின் நம் கண்வலிக்கிழங்கிலும், அதாவது செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் அதன் விதைக்காகவே பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். கடும் விஷம், ஆர்வத்தில் யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

1. வெங்காயம் தேர்வு

நான் ஒரு மாதம் தொலைத்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கடையில் பெல்லாரி வாங்கினேன். நல்ல திரட்சியான இருபது காய்கள். கிணற்று நீரில் வைத்த வேர்களை முதலில் எடுத்து ஸ்லைடு போட்டுப் பார்த்தால், பிரியும் செல் ஒன்றுகூட இல்லை. நோட்டில் "கடும் நச்சு" என்று எழுதிவிட்டேன். பெரியப்பாவிடமும் போனில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நல்ல தண்ணீரில் வைத்த வேரைப் பார்த்தேன். அதிலும் பிரியும் செல் இல்லை. வேரே நான்கைந்து மில்லிமீட்டரோடு நின்றுபோயிருந்தது. கோளாறு தண்ணீரில் இல்லை, வெங்காயத்திலேயே இருந்தது.

விற்பனைக்கு வரும் பெரிய வெங்காயம் முளைக்காமல் இருக்க என்னென்னவோ செய்கிறார்கள். நாசிக் பக்கம் லாசல்கானில் காமா கதிர் காட்டும் நிலையமே இருக்கிறது. சில இடங்களில் அறுவடைக்கு முன் மாலிக் ஹைட்ரசைடு தெளிப்பதும் உண்டு. சாப்பிடுபவருக்கு இது பிரச்சினையில்லை, சோதனைக்கு ஆகாது. கதிர் பட்ட வெங்காயத்தில் செல் பிரிதல் முதலிலேயே அடிபட்டிருக்கும். மாலிக் ஹைட்ரசைடோ தாவரக் குரோமோசோமை உடைக்கக்கூடியது, இப்படிப்பட்ட சோதனைகளில் "இது நிச்சயம் கெடுக்கும்" என்று ஒப்பிடவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு வந்த காய்க்கு எது நடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

அதன் பிறகு நான் விதைக்காய் சின்ன வெங்காயம் தவிர வேறெதையும் தொடுவதில்லை. நடவுக்கென்று வெங்காயம் சேமிக்கும் பட்டறையில் இரண்டு மூன்று மாதம் இருந்த காயை விவசாயியிடமே கேட்டு வாங்குங்கள். அதே இனம், அதே 16 குரோமோசோம்கள். நடுவதற்கு வைத்த காய் என்பதால் முளைப்பை அடக்க யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். நேற்று பிடுங்கிய காய் உறக்கத்தில் இருக்கும், அதுவும் வேண்டாம். இன்னொரு வசதி, சின்ன வெங்காயம் சோதனைக் குழாயின் வாயில் கச்சிதமாக உட்காரும். குத்தி நிறுத்தக் குச்சி வேண்டியதில்லை.

2. வேர் விடுதல்

காய்ந்த தோலையும் பழைய வேர்த் தூரையும் பிளேடால் சுரண்டுங்கள். ஓரத்தில் வளையமாக இருக்கும் வேர்ப் புள்ளிகளில் பிளேடு படக் கூடாது. அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி நிழலில் வையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். இரண்டு நாளில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வேர் வந்துவிடும். மந்தமான காய்களைக் கழித்துவிட வேண்டும் என்பதால், ஐந்து காய் தேவையென்றால் எட்டாக வையுங்கள்.

அடுத்த படிக்குப் போகும் முன் ஒன்று செய்துவிடுங்கள். நல்ல நீரில் வளர்ந்த வேர் ஒன்றை எடுத்து ஸ்லைடு போட்டு, பிரியும் செல்கள் தாராளமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரியாதவரை மாதிரி நீரின் மூடியைத் திறக்காதீர்கள்.

3. எவ்வளவு அடர்த்தியில்?

மாதிரியை அப்படியே ஒன்று, பாதியாக, கால் பங்காக, அரைக்கால் பங்காக நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் புதுக் காய்களை மூன்று நாள் வைத்து வேரின் நீளத்தை அளந்தால், எந்த அடர்த்தியில் நீளம் பாதியாகிறது என்று தெரிந்துவிடும். நச்சுத்தன்மைக்கான பதில் அது. நுண்ணோக்கி வேலையை அந்த அடர்த்தியிலும் அதற்குக் கீழும் செய்யுங்கள். அதற்கு மேலே போனால் செல்களே பிரியாது. பிரியாத செல்லில் உடைந்த குரோமோசோமும் தெரியாது. இதை அறியாதவர்கள் அடர்த்தியான நீரைப் பார்த்துவிட்டு "சேதம் எதுவும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு சென்டிமீட்டர் வேர் வந்த காய்களை அந்த அடர்த்தியில் 24 மணி நேரம் வையுங்கள். பக்கத்தில் நல்ல நீர் ஒரு வரிசை கட்டாயம். சாயக்கழிவு கலந்த நீராக இருந்தால் இன்னொரு வரிசையும் வேண்டும். துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்டுவதால் அந்த நீரில் உப்பு மிகுதி. உப்பு மட்டுமே வேரைக் குறுக்கிவிடும். எனவே மாதிரியின் டி.டி.எஸ். அளவுக்குச் சமமாக உப்பைக் கரைத்து அதிலும் ஐந்து காய்களை வையுங்கள். பி.எச். அளவையும் பார்த்துவிடுங்கள். புளிப்பு அதிகமானால் அதுவே வேரை நிறுத்திவிடும்.

கெடுக்கும் பொருள் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைக்கச் சொல்வார்கள். வழக்கமாக அதற்கு எடுப்பது எத்தில் மீத்தேன் சல்ஃபோனேட் போன்றவை. அவை மனிதனுக்கும் ஆபத்தானவை, வழிகாட்டியும், ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டும் இல்லாமல் தொடாதீர்கள். கண் பழக மட்டும் என்றால் கஃபீன் போதும். லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, கையுறையோடு, வேரை ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். குரோமோசோம் பிரிந்த பிறகு நடுச்சுவர் எழும்பாமல், ஒரே செல்லில் இரண்டு நியூக்ளியஸ் உட்கார்ந்திருப்பது தெரியும். முதல்முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

4. வெட்டி நிலைநிறுத்துதல்

காலை எட்டரை முதல் பத்துக்குள் வெட்டுங்கள். எங்கள் ஆய்வகத்தில் அந்த நேரத்தில்தான் பிரியும் செல்கள் அதிகம் கிடைக்கின்றன. நேரம் எதுவானாலும் எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும். நல்ல நீர் வேரைக் காலையிலும் மாதிரி வேரை மதியத்திலும் வெட்டினால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

செல்கள் அந்த நிலையிலேயே நிற்கும்படி, வெட்டிய வேர்களைக் கார்னாய் திரவத்தில் போடுங்கள். மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் சேர்ந்ததுதான் அது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். 24 மணி நேரம் ஊறிய பிறகு வேர்களை 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

5. அமிலத்தில் இளக்குதல், சாயம், நசுக்குதல்

வேரை நீரில் அலசி, 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. சின்ன வெங்காய வேருக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். நேரம் குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியாக நிற்கும். கூடினால் வேர் கரைந்து, சாயமும் பிடிக்காது. ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் சூடு நிலையாக நிற்காது. வாட்டர் பாத் இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் போட்ட வெந்நீர்க் கிண்ணம்கூட மேல்.

சாயத்தில் நான் அசிட்டோகார்மைன் கட்சி. அசிட்டோ ஆர்சின் நன்றாக இருக்கிறது என்பார்கள். விலையைப் பார்த்தால் கார்மைன்தான் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். சாயத்தில் இரும்பு ஊசியால் கிளறினால் நிறம் இன்னும் அழுத்தமாக ஏறும். அரைமணி நேரத்தில் வேரின் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் அடர்சிவப்பாகும். அதை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுங்கள். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி, பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் இம்மியும் நகரக் கூடாது.

6. எண்ணுதல்

ஒரு காய்க்கு 1000 செல்கள். 84 செல்கள் பிரியும் நிலையில் இருந்தால் பிரிதல் விகிதம் 8.4 சதவீதம். அந்தப் பிரியும் செல்களில் கோளாறானவற்றைத் தனியாகக் குறியுங்கள். குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரிந்து போகும் கட்டமான அனாஃபேஸில் இரு துருவத்துக்கும் நடுவே நூல்போல் நிற்கும் பாலம், எந்தத் துருவத்துக்கும் போகாமல் பின்தங்கிய குரோமோசோம், உடைந்த துண்டு, கூழாக ஒட்டிக்கொண்ட மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) ஆகியவை இதில் சேரும். பிரியாத செல்லில் பெரிய நியூக்ளியஸ் பக்கத்தில் குட்டியாக ஒன்று இருந்தால் அது மைக்ரோநியூக்ளியஸ். விட்டுப்போன துண்டுதான் அப்படி ஒதுங்கியிருக்கும். அதை மொத்தச் செல்லுக்குக் கணக்கிட வேண்டும்.

அதிகமாக அழுத்தியதில் செல் வெடித்துக் குரோமோசோம் சிதறினால் அது உடைந்ததுபோலவே தெரியும். சுவர் முழுதாக இருக்கும் செல்லை மட்டும் எண்ணுங்கள். ஸ்லைடு எந்த நீருடையது என்று தெரியாமல் எண்ணுவதும் முக்கியம். நண்பரிடம் கொடுத்துப் பெயரை மறைத்து எண் ஒட்டச் சொல்லுங்கள். "கடும் நச்சு" என்று ஒருமுறை எழுதியவள் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கணக்கில் ஒரு பிழையைப் பல ஆய்வேடுகளில் பார்க்கிறேன். ஐந்து காய்களில் 5000 செல்கள் எண்ணினால் உங்களிடம் இருப்பது ஐந்து சான்றுகள்தான், ஐயாயிரம் அல்ல. காய்க்குக் காய் உள்ள வேறுபாட்டை வைத்தே ஒப்பிடுங்கள்.

பெரியப்பாவின் கிணற்று நீரில் வேர் குறுகியது உண்மை. ஆனால் உப்பு வரிசையிலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறுகியிருந்தது. குரோமோசோம் கோளாறுகளும் நல்ல நீரில் கண்டதைவிடக் கூடுதல் என்று சொல்லும்படி இல்லை. முதலில் போனில் சொன்னதைத் திருத்திச் சொல்ல நேரிலேயே போனேன். "அப்ப உப்புத்தான் கொல்லுது" என்றார். அந்தக் கோடை மாதிரியில், ஆம்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டவை

சென்னையிலிருந்து ஒரு தங்கைக்கு நல்ல நீர் வரிசையிலேயே வேர் வரவில்லை. அவர் வைத்தது ஆர்.ஓ. நீர். அதில் கால்சியம் அநேகமாக இருக்காது, வேருக்கு அது வேண்டும். குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துக் குளோரின் போனபின் பயன்படுத்தச் சொன்னேன். வேர் வந்துவிட்டது.

எத்தனால் கிடைக்காமல் கை கழுவும் சானிடைசரில் கார்னாய் கலந்திருக்கிறார் ஒருவர். அதில் தண்ணீர் இருக்கிறது, வேறு சரக்கும் சேர்ந்திருக்கும், வேலைக்கு ஆகாது. மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்று போடலாம். மெத்தனால் ஆவி கெடுதலானது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அதிகம் பேர் கேட்டது, வெங்காயத்தில் பாலம் தெரிந்தால் மனிதனுக்குப் புற்றுநோய் வருமா என்பது. அப்படி நேராகச் சொல்ல முடியாது. சில பொருள்கள் நம் கல்லீரலில் மாறிய பிறகுதான் கெடுக்கும். அதனால்தான் ஒரு பொருள் மரபணுவை மாற்றுகிறதா என்று பார்க்க அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய பாக்டீரியாச் சோதனையில் எலிக் கல்லீரல் சாற்றையும் சேர்க்கிறார்கள். வெங்காயத்தில் கோளாறு மிகுதியாக வந்தால், அந்த நீரை ஏம்ஸ் சோதனையும் மனித ரத்தச் செல்லில் மைக்ரோநியூக்ளியஸ் சோதனையும் செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பக் காரணம் கிடைத்துவிட்டது. எங்கள் கிணற்றுக்கு மழை முடிந்ததும் இன்னொரு கேன் எடுக்கப் போகிறேன். விதைக்காய் சொல்லி வைத்தாயிற்று.