முடிச்சே போடாமல் கிராஸ் ஸ்டிச்: நூலைத் தொடங்குவதும் முடிப்பதும்

பொத்தான் தைத்துப் பழகிய கைக்கு, ஊசியில் நூல் கோத்ததுமே நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். பெருக்கல் குறி வடிவில் தைக்கும் கிராஸ் ஸ்டிச்சை நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் படத்தை இழுத்துக் கட்டிச் சட்டம் போட்டபோது முகப்பில் அங்கங்கே சின்னச் சின்னப் புடைப்புகள். இரண்டு முடிச்சுகள் ஐடா துணியின் (சீரான ஓட்டைகளோடு கட்டம் கட்டமாக நெய்த துணி) ஓட்டை வழியாக முன்பக்கமே எட்டிப் பார்த்தன! அதற்குப் பிறகு முடிச்சையே விட்டுவிட்டேன்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடாவுக்குப் பொதுவாக இரண்டு இழை போதும். இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். சேர்த்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும்.

கண்ணி போட்டுத் தொடங்குதல்

இரண்டு இழையில் தைக்கும்போது எனக்கு இதைவிடப் பிடித்த முறை கிடையாது.

1. ஒரே ஒரு இழையை 90 செ.மீ. அளவுக்கு வெட்டி, சரிபாதியாக மடியுங்கள்.
2. வெட்டிய இரு நுனிகளையும் சேர்த்து ஊசிக் காதில் கோத்துக்கொள்ளுங்கள். மடிந்த பக்கம் கண்ணியாக வாலில் தொங்கும்.
3. கட்டத்தின் கீழ் இடது ஓட்டையில், பின்னாலிருந்து ஊசியை மேலே எடுங்கள். நூலை முழுதும் இழுத்துவிடாதீர்கள். கண்ணி இரண்டு செ.மீ. பின்னால் நிற்கட்டும்.
4. மேல் வலது ஓட்டையில் ஊசியை இறக்கி, துணியைத் திருப்புங்கள்.
5. ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து மெதுவாக இழுங்கள். கண்ணி சுருங்கித் துணியோடு படிந்து நிற்கும்.

வெடுக்கென்று இழுத்தால் துணி சுருங்கும், ஓட்டை பெரிதாகும். இழைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இந்த முறை சரிவரும். நிறம் மாறிக்கொண்டே போகும் பல வண்ண நூலுக்கும் வேண்டாம்: மடித்தால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இழைகளும் வேறு வேறு நிறத்தில் வந்துவிடும்.

வாலை அமுக்கித் தைத்தல்

ஒற்றை இழை, மூன்று இழை என்றால் இதுதான் வழி. ஊசியை மேலே எடுக்கும்போது மூன்று செ.மீ. வாலைப் பின்னால் விட்டு, நீங்கள் தைத்துப் போகும் திசையிலேயே விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து தையல்கள் அதன்மேல் விழ வேண்டும். விழுந்ததா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்ட நாட்களில்தான் பிரித்துத் தைக்க நேர்ந்திருக்கிறது.

பக்கத்திலேயே ஏற்கெனவே தைத்த இடம் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை. பின்பக்கத் தையல்கள் நான்கின் அடியில் ஊசியை ஓட்டிவிட்டுத் தொடங்கலாம்.

முடிக்கும்போது

விரல்நீள நூல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். குறைந்தால் ஊசியைத் திருப்ப முடியாது. பின்பக்கத்தில் நான்கைந்து தையல்களின் அடியில் ஊசியை நுழைத்து இழுத்து, துணியை ஒட்டி வெட்டுங்கள். வரிசையாகப் போய்த் திரும்பி வந்து தைத்திருந்தால் பின்னால் நெட்டுக் கோடுகள் தெரியும். அவற்றின் குறுக்கே ஓட்டுவது எளிது.

தனியாக நிற்கும் ஒற்றைத் தையலா? கண்ணியில் தொடங்கி, முடிவில் அதன் பின்பக்க நூலையே இரண்டு மூன்று முறை சுற்றி வெட்டிவிடலாம்.

கறுப்பு, கருநீல நூல்களின் வாலை மட்டும் வெள்ளைத் தையலுக்கு அடியில் ஓட்டாதீர்கள். முன்பக்கம் நிழலாகத் தெரியும், துவைத்தாலும் போகாது.