சென்னையில் 24,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதக் கடைசியைக் கடந்த விதம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேளச்சேரியில் ஒற்றை அறை வீட்டுக்கு 9,500 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு மேல் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் முழுவதும் செலவுகளை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான், சாப்பாட்டைவிட வாடகையும் பெட்ரோலும் மின்சாரமும் சம்பளத்தை அரிப்பது புரிந்தது.

என்னை மிகவும் வருத்தியது மின்சாரம்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், வீட்டுக்காரர் தனியாக ஒரு துணை மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். 160 யூனிட்டுக்கு 1,440 ரூபாய் கொடுத்தேன். வாடகைக்கு இருப்பவரிடம் இப்படி வாங்குவது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த வீடு தேடியபோது, தனி மின் இணைப்பு உண்டா என்று முதலில் கேட்டு, மீட்டர் பெட்டியில் இருந்த இணைப்பு எண்ணையும் பழைய ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன். கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் 6,000 ரூபாய்க்கு அப்படியொரு வீடு அமைந்தது. அதே 160 யூனிட்டுக்கு வந்த முதல் ரசீது 200 ரூபாயைக்கூடத் தொடவில்லை. நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; ஆனால் மாதாந்திர சீசன் டிக்கெட், பழைய ஒரு வாரப் பெட்ரோல் செலவுக்குள் அடங்கிவிடுகிறது. கைமாற்றுக் கடனை ஆறு மாதத்தில் அடைத்துவிட்டேன்.