காரின் ஆட்டோமேட்டிக் கியர் உதைக்கிறதா? ஸ்பீடு சென்சாரை வீட்டிலேயே பார்க்கும் முறை

ஸ்பீடோமீட்டர் முள் திடீரென்று படுத்துவிடும். கியர் 'டொக்' என்று உதைத்து மாறும், அல்லது ஒரே கியரில் நின்றுகொண்டு ஏற மறுக்கும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரிடம் சொன்னாலும் "கியர்பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால்தான்" என்பார்கள். அதற்கு முன்னால், வேகத்தை அளந்து காரின் கணினிக்குச் சொல்லும் ஸ்பீடு சென்சாரையும் அதன் வயரையும் பார்த்துவிடலாம்.

1. லயத்து வாசல் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம், சமதரைக்கு வாருங்கள். 'பி'யில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இஞ்சின் ஆறட்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது.

2. டாஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநர் முழங்கால் பக்கம் இருக்கும் சாக்கெட்டில் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியில் பதிவான கோளாறு கோட்களைப் படிக்கும் கருவி) செருகுங்கள். கோட் பி0715 என்றால் கியர்பாக்ஸுக்கு உள்ளே வரும் வேகம், பி0720 அதிலிருந்து வெளியே போகும் வேகம், பி0500 வண்டியின் வேகம். சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்பதுதான் இதற்கு அர்த்தம். சென்சாரை மாற்று என்பதல்ல.

3. சாவியை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். என்னைக் கேட்டால் பாதிக் கதை இங்கேதான். பச்சைத் துரு, செம்மண் சேறு, உள்ளே கசிந்த சிவப்பு கியர் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்தும் அடங்காத எலிகள் வயரை விட்டுவைக்குமா? அழுக்கை எடுக்கக் கான்டாக்ட் கிளீனர் போதும், தண்ணீர் அடிக்காதீர்கள்.

4. இனி மல்டிமீட்டர். இரண்டு வயர் சென்சார் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள்; ஓம் அளவெடுத்து அந்தக் காரின் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கும். மூன்று வயர் என்றால் ஓம் பார்க்காதீர்கள். சாவியை மட்டும் ஆன் செய்து, கழற்றிய கனெக்டரின் வயர் பக்கம் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. கனெக்டரை மாட்டி இஞ்சினை ஓடவிடுங்கள். ஸ்கேனர் டர்பைன் வேகத்தை (கியர்பாக்ஸுக்கு உள்ளே வரும் வேகம்) காட்டினால், 'பி'யில் அது இஞ்சின் வேகத்தை ஒட்டி வரும். பிரேக்கை அழுத்தி மிதித்தபடி 'டி'க்கு மாற்றினால் பூஜ்யத்துக்கு இறங்கும். காருக்கு முன்னே யாரும் நிற்கக் கூடாது. வெளியே போகும் வேகத்தை ஓடும்போதுதான் பார்க்க முடியும். பக்கத்தில் உட்காருபவர் படிக்கட்டும். சக்கரத்தைத் தூக்கிவைத்து கியரில் சுழலவிடும் வேலை வேண்டாம்.

கியர் எண்ணெயில் கருகிய வாடை வந்தால் இது சென்சார் விவகாரமல்ல.

ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்த பிறகும் அது திரும்ப வந்தால், அந்த எண்ணையும் மீட்டர் அளவையும் தாளில் எழுதிக்கொண்டு ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) போங்கள். "கியர் உதைக்குதுண்ணே" என்று மட்டும் சொன்னால், அவர் முதலில் கியர்பாக்ஸைத்தான் இறக்கப் பார்ப்பார்.