முதல் ஜொயின்டர்: மேசையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

வீட்டுப் பட்டறைக்கு, பலகையை நேராகச் சீவும் இயந்திரமான ஜொயின்டர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை எச்.பி. என்றுதான். அடுத்தது அகலம், அதற்குப் பிறகு விலை. பிளேட் பூட்டிச் சுழலும் கட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மேசையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று கேட்பவர் குறைவு. மோட்டர் எரிந்தால் திரும்பச் சுற்றலாம். பிளேட் மழுங்கினால் தீட்டலாம். பெல்ட் அறுந்தால் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ வேறொன்று வாங்கிப் போடலாம். முறுகிய மேசைக்கு வீட்டில் வைத்தியம் இல்லை.

அதற்கும் முன்னால், உங்களுக்கு வேண்டியது ஜொயின்டர்தானா என்று பாருங்கள். ஜொயின்டர் செய்வது இரண்டே வேலை: பலகையின் ஒரு முகத்தைத் தட்டையாக்கும், அந்த முகத்துக்குச் செங்கோணமாக ஒரு விளிம்பைச் சீவித் தரும். மறுமுகத்தை முதல் முகத்துக்குச் சமாந்தரமாக்கி, முழுப் பலகையையும் ஒரே தடிப்புக்குக் கொண்டுவருவது திக்னஸ் பிளேனரின் வேலை. ஜொயின்டரில் இரு முகங்களையும் மாறி மாறிச் சீவினால் இரண்டும் தட்டையாக இருக்கும், ஆனால் ஒரு முனை முக்கால் அங்குலமும் மறுமுனை அரை அங்குலமுமாக ஆப்புப் போல முடியும். நீங்கள் வாங்கும் மரக்காலையில் பலகையைச் சீவித் தருகிறார்கள், உங்கள் வேலை விளிம்பு ஒட்டுவது மட்டும்தான் என்றால், நீளமான கைச் சீவுளியே போதும். ஒரு இயந்திரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் திக்னஸ் பிளேனரை முதலில் வாங்குங்கள். அதற்குள் தட்டையான ஒரு தாங்குபலகையின் மேல், ஆடும் இடங்களுக்குச் சிறு ஆப்பு வைத்து, கோணல் பலகையை அனுப்பினால் ஒரு முகம் தட்டையாகிவிடும். ஜொயின்டரை வைத்துத் தடிப்பெடுக்க அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

கடையில் வெறுமனே "பிளேனர்" என்று கேட்டால் கைப்பிடி வைத்த மின் சீவுளியைத்தான் எடுத்து வைப்பார்கள். அதைத் தலைகீழாக ஸ்டாண்டில் பூட்டி ஜொயின்டர் என்று ஓட்டுவோரும் உண்டு. மேசை மொத்தமே ஏறக்குறைய ஓர் அடி நீளம்தான், பல வேளைகளில் கட்டருக்கு மூடியும் இராது. விரலுக்கு ஆபத்து, வேலையும் நேராக வராது.

நீளமா, அகலமா?

6 அங்குலமா 8 அங்குலமா என்ற பேச்சில் மேசையின் நீளம் மறந்துபோகிறது. இரு மேசையும் சேர்ந்த நீளத்தின் ஒன்றரை மடங்கு வரையுள்ள பலகை சிரமமில்லாமல் நேராகும். இரண்டு மடங்கு என்பது எல்லை. மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரம் மொத்தம் 30 அங்குலம் என்றால், 4 அடிக்கு உட்பட்ட பலகைக்கு அது சரி: கதிரைக் கால், ஸ்டூல், சிறு அலுமாரிக் கதவு. 7 அடிக் கதவுச் சட்டத்தை அதில் நேராக்க முடியாது, பலகை தன் பாரத்திலேயே முனையில் தொங்கிவிடும். கதவும் ஜன்னலும்தான் நோக்கம் என்றால் 55 அங்குலமாவது வேண்டும். இடத்தையும் அளந்து பாருங்கள். 7 அடிச் சட்டம் உள்ளே போக 7 அடி, வெளியே வர 7 அடி, கட்டர் நடுவில். பதினைந்து அடி நேர்கோடு இல்லாத அறையில் வாசலுக்கு நேராக இயந்திரத்தை நிறுத்துவதே வழி.

6 அங்குல இயந்திரத்தில் 8 அங்குலப் பலகையைச் சீவ மூடியைக் கழற்றாதீர்கள். பலகையை நடுவில் அரிந்து, இரண்டையும் சீவி, திரும்ப ஒட்டலாம்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

ஒரு மீற்றர் உருக்குக் கோலும் மோட்டர்சைக்கிள் கராஜில் இருக்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கையில் இருக்கட்டும். மேசன்மார் பூச்சுக்கு வைத்திருக்கும் அலுமினியச் சட்டம் இதற்கு ஆகாது. கோலே நேரா என்று முதலில் பாருங்கள்: தட்டையான பலகையில் அதை ஒட்டி மெல்லிய கோடு இழுத்து, கோலைப் புரட்டி வைத்து அதே இடத்தில் மறுபடி இழுங்கள். இரு கோடும் ஒன்றானால் கோல் நம்பத்தக்கது.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு முன் மேசையை (பலகை உள்ளே போகும் பக்கம்) பின் மேசையின் உயரத்துக்கு உயர்த்துங்கள். கோலை அதன் விளிம்பு படும்படி பின் மேசையில் நிறுத்தி முன் மேசைவரை நீட்டி, இடது ஓரம், வலது ஓரம், இரு மூலைவிட்டம் என நான்கு இடங்களில் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் தகடு நுழையாவிட்டால் மிக நல்லது. 0.2 வரை, அது திருத்தக்கூடிய சாய்வு என்றால், பேசி விலை குறைக்கலாம். மேசைகளின் வெளிமுனைகள் தாழ்ந்திருந்தால் சீவிய விளிம்பு நடுவில் குழியும், உயர்ந்திருந்தால் நடுவில் வயிறு தள்ளும். இப்படிச் சாய்ந்த மேசையை, அது ஏறி இறங்கும் சரிவுப் பள்ளத்தில் மெல்லிய தகடு செருகித் திருத்த முடியும். மூலைவிட்டத்தில் மட்டும் இடைவெளி தெரிந்தால் மேசையே முறுகியிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். சிறிய அலுமினிய மேசைகளில் பலவற்றுக்குத் திருத்த வழியே கிடையாது.

பின் மேசையின் உயரம் வேறு விஷயம், அது வாங்கிய பின் நீங்கள் அமைப்பது. பிளேட்டின் உச்சிக்குச் சமமாக அது நிற்க வேண்டும். பின் மேசையில் நேரான குச்சியை வைத்துக் கட்டரைக் கையால் சுற்றினால், பிளேட் குச்சியை உரசி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது. மேசை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை மேசை உதட்டில் முட்டி நிற்கும். புதிய இயந்திரம் பழுது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு திருகை முதலில் பார்த்திருக்கலாம்.

சிறு பிளேட்டுகளைச் சுருளாகப் பதித்த சுருள் கட்டரில் சத்தம் குறைவு, முதிரை போன்ற பின்னிய நாரில் பிய்ச்சலும் குறைவு. ஆனாலும் முதல் இயந்திரத்தில், நல்ல மேசையுள்ள நேர் பிளேட் இயந்திரமும் மோசமான மேசையுள்ள சுருள் கட்டரும் ஒரே விலையென்றால் முன்னதை எடுங்கள். பாலையிலும் முதிரையிலும் ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் எடுக்காவிட்டால் நேர் பிளேட்டே ஒழுங்காகச் சீவும்.

யப்பான் இயந்திரமும் நம் மின்சாரமும்

பாவித்த யப்பான் இயந்திரங்களில் வார்ப்பிரும்பு மேசை அருமையாக இருக்கும். ஆனால் பெயர்ப்பலகையை வாசிக்காமல் வாங்கக்கூடாது. 100 வோல்ட் என்றிருந்தால் நம் 230-இல் நேரே செருகிய மறுநிமிடம் மோட்டர் புகையும். மோட்டரின் வாட்டைப் போல இரு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். 60 ஹேர்ட்ஸ் மட்டும் எழுதியிருந்தால் நம் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றி, சூடாகும். 50/60 என்றிருப்பதைத் தேடுங்கள். 200 வோல்ட் த்ரீ ஃபேஸ் என்றால் வீட்டு சிங்கிள் ஃபேஸில், அதை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி இல்லாமல் ஓடாது. இருபது மீற்றர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வோல்ட் இறங்கி, நல்ல மோட்டரும் கெடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் ஒழுங்கான எர்த்தும் போடுங்கள்.

பாவித்த இயந்திரத்தில் கட்டர் மூடி தொலைந்திருப்பது வழமை. மூடி இல்லாவிட்டால் அது கிடைக்கும்வரை ஓட்டாதீர்கள். ஓர் அடிக்குக் குறைந்த துண்டைச் சீவாதீர்கள், தள்ளுகட்டை இல்லாமல் முகம் சீவாதீர்கள். கையுறையும் கூடாது. சாரமும் தோளில் துவாயுமாக நிற்பது நம்மூரில் சாதாரணம், சுழலும் கட்டருக்குப் பக்கத்தில் அது வேண்டாம். வீடு உடைத்த மரம் என்றால் ஆணியைத் தேடிக் கழற்றுங்கள். போர் நடந்த பகுதி மரத்தில் சன்னமும் இருக்கக்கூடும், காந்தத்துக்கு ஈயம் அகப்படாது.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற வீட்டில் வார்ப்பிரும்பு ஓர் இரவிலேயே செம்மண் நிறம் எடுக்கும். தேங்காய் எண்ணெய் பூசினால் தூளைப் பிடிக்கும், மரத்திலும் கறை ஏறும். சிலிக்கன் இல்லாத மெழுகுப் பசையை மாதம் ஒருமுறை, மாரியில் இரு கிழமைக்கு ஒருமுறை தேய்த்து விடுங்கள். பொலித்தீனால் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் துரு ஏறும், பழைய பருத்திச் சீலைதான் போர்வைக்கு நல்லது.