கொழும்பில் சோலார் மணிக்கூடு வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதை விடுவது

தங்கச்சியின் மகன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறான். “மாமா, பற்றரி மாத்தத் தேவையில்லாத, விழுந்தாலும் உடையாத டிஜிட்டல் மணிக்கூடு ஒன்று வேணும்” என்றான். இரண்டு சனிக்கிழமை புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் ஏறி இறங்கினேன். அப்போது ஒன்று விளங்கியது. பெட்டியிலும் கண்ணாடியிலும் எழுதியிருக்கும் வசதிகளில் பல வேறு ஊர்க்காரருக்காக எழுதப்பட்டவை. ஒரு மாடலோடு இன்னொன்றை ஒப்பிட முதல், கொழும்பில் இருக்கிற உங்களுக்கு அந்த வசதி வேலை செய்யுமா என்று பார்த்து, செய்யாததை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

முதலில் ‘சோலார்’ என்ற சொல்லே இரண்டு விதம். காசியோ ஜீ-ஷொக் ஜிடபிள்யூ-எம்5610 மாதிரியானவை முழுக்க வெளிச்சத்திலேயே ஓடும், சார்ஜ் வயர் என்ற பேச்சே இல்லை. கார்மின் இன்ஸ்டிங்ட் 2 சோலார் மாதிரியானவை ஜிபிஎஸ், இதயத்துடிப்பு எல்லாம் பார்ப்பவை, வயரில் சார்ஜ் போடத்தான் வேண்டும், வெயில் அந்தச் சார்ஜை நீட்டித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். காசியோவின் ஜிபிடி-எச்1000 கூட இந்த இரண்டாம் கூட்டம்தான்: நேரம் காட்டுவதற்கு வெயில் போதும், ஜிபிஎஸ் போட்டு ஓடினால் வயரைத் தேட வேண்டும். இரண்டையும் ‘சோலார்’ என்றே விற்கிறார்கள், ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எம்5610 ஒரு நாளுக்குச் செலவழிப்பதைத் திரும்பப் பிடிக்க வெளியில் நல்ல வெயிலில், அதாவது 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில், 5 நிமிடம் போதும் என்கிறது அதன் கையேடு. ஜன்னலோர வெயிலில் 24 நிமிடம். ஒபிஸ் டியூப் லைட் மட்டும் என்றால் 8 மணித்தியாலம். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி வேலைக்கு நடக்கிற தூரத்திலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும், பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது ரயிலில் கடல் பக்கம் இடம் கிடைத்தால் அது மேலதிக வரவு. கார்மின் தன் இன்ஸ்டிங்ட் 2 சோலாருக்குச் சார்ஜே தேவையில்லாத கணக்கைச் சொல்வது, அதே 50,000 லக்ஸில் தினமும் 3 மணித்தியாலம் நிற்பவருக்கு, அதுவும் ஜிபிஎஸ் போடாமல். கொழும்பில் வெயிலுக்குப் பஞ்சமில்லைத்தான். ஆனால் ஏசி அறைக்குள் முழுக்கை சேர்ட்டோடு இருப்பவனின் மணிக்கட்டில் 3 மணித்தியால வெயில் எங்கேயிருந்து விழும்? கட்டட வேலை, கடல் வேலை, கிரிக்கெட் பயிற்சி என்று வெளியில் நிற்பவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்கள் அதைச் சார்ஜ் போடும் மணிக்கூடாக நினைத்து வாங்குங்கள், அப்படி நினைத்தால் அது நல்ல சாமான்தான், பிறகு ஏமாற்றமும் இருக்காது.

இன்னொன்று, எனக்கே நடந்தது. என் பழைய சோலார் மணிக்கூட்டை அலுமாரிக்குள் போட்டுவிட்டுச் சில வாரம் கழித்து எடுத்தால் முகம் வெறுமை, ஒரு இலக்கம்கூட இல்லை. செத்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகவே வெளிக்கிட்டேன். வாசலில் ஒரு பட்டனைத் தற்செயலாக அழுத்த, சரியான நேரத்தோடு எழும்பி நின்றது. இருட்டில் கிடந்தால் காட்சியை அணைத்துச் சேமிக்கிற பழக்கம் அதற்கு இருக்கிறது. எம்5610 முழுச் சார்ஜில் வெளிச்சமே படாமல் 10 மாதம் ஓடும், இந்தத் தூக்கத்தில் இருந்தால் 22 மாதம் தாங்கும். ஆகவே ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்ட முதல் பட்டனை அழுத்துங்கள், பிறகு ஒரு நாள் ஜன்னலில் வையுங்கள். காரின் டேஷ்போர்ட்டில் மட்டும் வேண்டாம், அந்தச் சூட்டில் திரை கறுத்துப்போகும், உள்ளே இருக்கும் பற்றரிக்கும் கூடாது.

இப்போது அடிக்க வேண்டியவற்றுக்கு வருவோம். ஒரு கடைத் தம்பி “சேர், இது சிக்னல்ல ஒட்டோமெட்டிக்கா டைம் செட் ஆகும், நீங்க கையே வைக்கத் தேவயில்ல” என்றான். மல்டி பாண்ட் 6 என்று எழுதியிருப்பது அதைத்தான்: ஆறு வானொலி நிலையங்கள் அனுப்பும் நேரச் சிக்னலைப் பிடித்து மணிக்கூடு தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்த ஆறு நிலையங்கள் எங்கே? ஜப்பானில் இரண்டு, சீனா, அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனியில் ஒவ்வொன்று. நமக்கு ஆகக் கிட்டியது சீனாவின் ஷாங்சியூ, அதன் சிக்னல் எட்டுவது ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர், நாம் இருப்பதோ 4,000 கிலோமீற்றருக்கும் அப்பால். கொழும்பில் இரவு முழுக்க ஜன்னலில் வைத்தாலும் வராது. அதற்காகக் காசு கூடக் கொடுக்காதீர்கள். அதே சதுர முகத்தோடு, சிக்னல் இல்லாமல் சோலார் மட்டும் உள்ள ஜி-5600 வரிசை இருக்கிறது. தானாக நேரம் சரியாக வேண்டும் என்று ஆசை என்றால் போனோடு புளூடூத்தில் பேசும் ஜிடபிள்யூ-பி5600, அது இங்கேயும் வேலை செய்யும். இல்லாவிட்டால் சாதாரண குவார்ட்ஸ்தான், மாதத்துக்கு 15 செக்கன் முன்னே பின்னே போகும், போனைப் பார்த்து மாதம் ஒருக்கால் திருத்துவது பெரிய வேலையா?

நேரம் செட் பண்ண மணிக்கூட்டில் வரும் ஊர்ப் பட்டியலில் கொழும்பைத் தேடிக் களைக்காதீர்கள், பெரும்பாலும் டெல்லிதான் இருக்கும், கிரீன்விச் நேரத்தைவிட 5:30 மணித்தியாலம் முன்னே என்பது இரண்டுக்கும் ஒன்றேதான். (1996இல் நேரத்தை முன்னே தள்ளி, பிறகு கொஞ்சம் குறைத்து, 2006இல் திரும்ப 5:30க்குக் கொண்டுவந்தார்கள். ‘பழைய நேரமா புது நேரமா’ என்று கேட்டே பழகியவர்களுக்கு இந்த ஊர் செட்டிங் ஒரு விசயமே இல்லை.)

வற்றுப்பெருக்கு வரைபடம் காட்டும் மாடல்கள் உண்டு, பார்க்க அழகு. ஆனால் நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு, காலிமுகத்திடலில் நின்று பார்த்தாலே அது தெரியும். அடித்துவிடலாம்.

அமுக்கமானி, உயரமானி, திசைகாட்டி சேர்ந்த ரேஞ்ச்மேன் ஜிடபிள்யூ-9400 மாதிரிக்கு ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உயரத்தை அது காற்றமுக்கத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. நம்மைப் போல வெப்பவலய ஊர்களில் அமுக்கம் எந்தப் புயலும் இல்லாமலே ஒவ்வொரு நாளும் காலை 10 மணியளவில் ஏறி, பின்னேரம் 4 மணியளவில் இறங்கி, இரவு 10 மணிக்குத் திரும்ப ஏறும். வித்தியாசம், அமுக்கத்தை அளக்கும் அலகில், 2, 3 ஹெக்டோபாஸ்கல்தான், ஆனால் கடல்மட்டத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய 8 மீற்றருக்குச் சமம். ஆக வெள்ளவத்தையில் கட்டிலில் கிடந்தபடியே நீங்கள் 20 மீற்றர் ஏறி இறங்கலாம். சிவனொளிபாதமலை ஏறுபவருக்கு, அது 2,243 மீற்றர், இந்த 20 பெரிய பிழை இல்லை, உயரம் தெரிந்த இடத்தில் சரிப்படுத்திவிட்டு ஏறினால் நன்றாகவே உதவும். வருசத்துக்கு ஒருமுறை நுவரெலியா போகிறவருக்குத் தேவையில்லை. வெப்பமானியோ கையில் கட்டியிருக்கும்வரை உங்கள் உடம்புச் சூட்டையும் சேர்த்தே காட்டும். அத்தோடு ரேஞ்ச்மேன் 93 கிராம், எம்5610 ஏறக்குறைய 52. பதினான்கு வயதுப் பிள்ளையின் மெல்லிய கையில் ரேஞ்ச்மேனைக் கட்டிப் பார்த்தால் எது எதைத் தூக்குகிறது என்றே தெரியாது.

மிஞ்சியவை இனி. தண்ணீர்: முகத்தில் 200 மீற்றர் என்று எழுதியிருப்பது அந்த ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்ற அர்த்தம் இல்லை, சோதனை அறையில் தாங்கிய அழுத்தம். 100 மீற்றரே நீச்சலுக்குப் போதும், 50 என்றால் கொஞ்சம் கவனம். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள். ‘மிலிட்டரி தரம்’ என்று அமெரிக்க இராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810ஐப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அது சோதிக்கும் முறைகளின் நீண்ட பட்டியல், எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்று சொல்லியிருந்தால்தான் அதற்குப் பெறுமதி.

ஓடுகிறவருக்கு ஸ்டொப்வாட்ச் முக்கியம், இதைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பட்டனை அழுத்தினால் இடை நேரத்தைக் காட்டிவிட்டு மறந்துவிடும் மாடல்களும் உண்டு, ஒவ்வொரு சுற்றையும் சேமித்து வைத்துப் பிறகு வரிசையாகக் காட்டும் மாடல்களும் உண்டு. 5610 முதல் ரகம். 400 மீற்றர் சுற்றுகள் ஓடுகிற பிள்ளைக்கு இரண்டாவது ரகம்தான் வேண்டும். எங்கள் பிள்ளைக்கு நான் ஜீ-ஷொக்கை விட்டதும் இதனால்தான், காசியோவிலேயே மலிவான சோலார் ஒன்று, சுற்று நினைவகத்தோடு, 100 மீற்றர். அவன் முகம் முதலில் கொஞ்சம் சுருங்கினது உண்மை.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருவது கண்ணாடிப் பெட்டிக்குள் எடுப்பாக இருக்கும். வாங்க முதல் அதைக் கடையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பாருங்கள், விடிய ஐந்தரைக்கு சுதந்திர சதுக்கத்தில் ஓடும்போது தெரியப்போவதும் அதே அளவுதான். சாதாரண சாம்பல் திரையே என் தெரிவு.

இந்த ஊரில் முதலில் சாவது பெல்ட். வியர்வை, உப்புக்காற்று, ஈரப்பதன் எல்லாம் சேர்ந்து ரெசினை மெல்ல மெல்லத் தின்றுவிடும், சில வருசத்தில் துளைப் பக்கம் வெடிக்கும். அந்த மாடலுக்குப் பெல்ட் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

போலிக்கு ஒரு சோதனை. பின்மூடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நாலு இலக்கம் இருக்கும், அது மொடியூல் எண். காசியோவின் இணையத்தளத்தில் அதைப் போட்டால் கையேடு வரும், கடையில் நின்றபடியே பட்டன்களை அதன்படி அழுத்திப் பாருங்கள். சோலார் என்று அச்சடித்த முகத்துக்குப் பின்னால் வெறும் பட்டன் செல் இருக்கும் சாமான்கள் இங்கே தாராளம், அவற்றில் சார்ஜ் அளவைக் காட்டும் குறியே வராது.

பல வருசம் கழித்து உள்ளே இருக்கும் செல்லை மாற்றும் நாளும் வரும். 5610இல் இருப்பது சிடிஎல்1616, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறக்கூடியது. அதே அளவில் சிஆர்1616 என்று சாதாரண செல் ஒன்று எல்லாக் கடையிலும் உண்டு, அச்சொட்டாகப் பொருந்தும், மணிக்கூடும் ஓடும். ஆனால் அது சார்ஜ் ஏற்றச் செய்யப்பட்டதல்ல, வெளிச்சம் பட்டுச் சார்ஜ் ஏற ஏற ஒழுகி உள்ளே இருக்கும் சர்க்கிட் பலகையைத் தின்னலாம். ஆகவே பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, போடப்போகும் செல்லின் முதுகில் எழுதியிருப்பதை உங்கள் கண்ணாலேயே வாசியுங்கள்.