நத்தைகளை ஒழிக்க ஒரு டார்ச்சும் பழைய சாக்கும்

முளைத்து நான்கு இலை விட்ட நாற்றுகள் ஒரே இரவில் வெறும் காம்பாக நின்றன. புழுதான் என்று நினைத்து இரண்டு வாரம் வேப்பெண்ணெய் தெளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. புழு தின்றிருந்தால் இலையில் கறுப்பாக உருண்டை உருண்டையாக எச்சம் கிடக்கும். நத்தை ஊர்ந்த இடத்தில் காய்ந்த பசை போல வெள்ளிக் கோடு மினுங்கும், வெயில் ஏறுவதற்கு முன் இலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஓடுள்ளது, ஓடில்லாதது இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

முதலில், தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுக்க மண் ஈரமாக இருக்கும், அவை ஊர்ந்து திரிய அதுதான் வசதி.

அடுத்தது கையால் பொறுக்குவது. பகலில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிடாதீர்கள், நானும் அப்படித்தான் விட்டேன். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். இலையின் அடிப்பக்கம், தொட்டி விளிம்பின் உள்மடிப்பு, தொட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் துளை, இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். அந்தத் துளைக்குள் விரல் நுனி அளவுக்குச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை கட்டாயம், ஏனென்றால் சில நத்தைகளில் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இருக்கும், அது மனிதருக்கும் மூளைக்காய்ச்சல் வரவைக்கும். பிடித்ததை சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் குறைவது கண்ணுக்கே தெரியும்.

ராத்திரி விழிக்க முடியாதவர்களுக்குப் பொறி. நனைத்த சாக்கையோ பலகையையோ செடிகளுக்கு நடுவே போட்டு, அடியில் முட்டைக்கோஸ் இலை ஒன்று வையுங்கள். விடிந்ததும் புரட்டினால் கூட்டமாக இருக்கும். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: தினமும் காலையில் காலி செய்ய வேண்டும். இரண்டு நாள் விட்டால் அது பொறி இல்லை, நாம் கட்டிக்கொடுத்த வீடு. அப்புறம், மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசி போல வெள்ளையாக முட்டைக் குவியல் தென்பட்டால் அதையும் எடுத்துவிடுங்கள்.

முட்டை ஓடு, காபித்தூள் எல்லாம் நான் போட்டுப் பார்த்தேன், மழை பெய்ததும் நத்தை அதன் மேலேயே ஏறிப் போனது.

பின்சேர்க்கை: உப்புத் தூவலாமா என்று பலர் கேட்கிறார்கள். நத்தை சாகும், ஆனால் மண்ணில் உப்பு ஏறிச் செடியும் கருகும், வேண்டாம். மருந்து வேண்டுமென்றால் இரும்பு பாஸ்பேட் குருணையை மட்டும் வாங்குங்கள். மெட்டால்டிஹைடு என்ற இன்னொரு நத்தை மருந்து நாய்க்கு விஷம், பிரிட்டனில் 2022 முதல் அதை வெளியில் பயன்படுத்தவே தடை. இரும்பு பாஸ்பேட் போட்டும் செத்த நத்தையைக் காணோமே என்று ஒருவர் இரண்டு மடங்கு கொட்டியிருக்கிறார். அதைத் தின்றதும் நத்தை இலை தின்பதை நிறுத்தி, மறைவிடத்துக்குப் போய்ச் சில நாளில்தான் சாகும். அதனால் பிணத்தைத் தேடாதீர்கள், புது இலையில் ஓட்டை விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.